உழக்கிக் கேட்ட செய்தி

1990 ஜூன் மாதம் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய கையோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த லக்சபான கறண்ட் நின்றது. யாழ்தேவி நின்றது. ஆனையிறவுப் பாதை அடைபட்டது. கொக்குவிலில் மாமாவின் றேடியோ திருத்தும் கடையில் நான் அப்போது எடுபிடி; பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன்.

கறண்ட் இல்லாத ஊரில் றேடியோ திருத்துகிறவனுக்கு என்ன பிழைப்பு என்று சனம் கேட்டது. முதல் சில மாதங்கள் பற்றரி இருந்ததால் சமாளித்தோம். பிறகு அரசு போட்ட பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், டீசல், சீமெந்து, யூரியா என்று நீண்ட தடைப்பட்டியலில் உலர் பற்றரியும் இருந்தது. கடைகளில் பதுக்கிக் கிடந்த பற்றரிகள் தங்கம் விற்பதைப்போல் ஒன்றொன்றாக, ஆள் பார்த்து விற்கப்பட்டன.

செத்த பற்றரிக்கு உயிர் கொடுக்கும் வைத்தியங்கள் அப்போதுதான் பரவின. வெயிலில் காயவைப்பார்கள். ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் விடுவார்கள். ஒரு இரவுச் செய்திக்கு அது தாங்கும். பிறகு துத்தநாகக் கூடு ஓட்டை விழுந்து, ஒழுகிய நீர் றேடியோவின் பற்றரிப் பெட்டியை அரித்துவிடும். பச்சை பிடித்த அந்தக் கம்பிச்சுருள்களைச் சுரண்டித் துடைப்பதுதான் மாமா எனக்குக் கொடுத்த முதல் வேலை.

சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்பதை யார் தொடங்கி வைத்தார் என்று இன்றைக்குக் கேட்டால், ஒவ்வொரு ஊரும் தங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனைக் காட்டும். இதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் எண்ணம். டைனமோவின் கழுத்தில் 6 வோல்ற், 3 வாற்று என்று பொறித்திருக்கிறது. நான்கு பற்றரி போடும் றேடியோவுக்கும் 6 வோல்ற்தான். இந்த இரண்டு இலக்கமும் ஒத்துப்போவதைக் காண்பதற்குப் பத்தாம் வகுப்புப் பௌதிகம் போதும். அந்த நாட்களில் அது எங்கள் ஊரில் தாராளமாக இருந்தது.

டைனமோவும் தாராளமாக இருந்தது. ஜேர்மனியில் பொஷ் கொம்பனி சைக்கிள் விளக்குக்கான டைனமோவை 1923-இல் விற்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் றலியின் கிளைக் கொம்பனியான ஸ்ரேமி ஆர்ச்சர், சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அதை வைத்து 1936-இல் டைனஹப் என்று வெளியிட்டது. குடத்துக்குள் இருக்கும் டைனமோ ரயரை உரசாது, சத்தமும் போடாது. ஆனால் எங்கள் சனத்தின் கைக்கு வந்தது பெரும்பாலும் ரயரின் பக்கவாட்டில் உரசி ஓடும், போத்தல் வடிவான மலிவு வகைதான். மில்லர், சன்யோ என்று பெயர் பொறித்தவை அவற்றில் நல்லவை. குடாநாடு மேடு பள்ளம் இல்லாத மண். ஆசிரியர், எழுதுவினைஞர், தோட்டக்காரர் எல்லாரும் சைக்கிளில்தான் போனார்கள். இருட்டில் விளக்கில்லாமல் போனால் பொலிஸ் மறிக்கும். ஆகவே போருக்கு முந்திய இரண்டு தலைமுறைகளாக, றலியிலும் பின்னர் லுமாலாவிலும் டைனமோ ஏறிக்கொண்டே வந்தது. தெருவிளக்கு முழுக்க அணைந்த நாளில் எங்கள் கையிருப்பில் இருந்த ஒரே மின்நிலையம் அதுதான்.

டைனமோவை நேரே றேடியோவில் பிடித்துக் கொடுத்தால் வேலை செய்யாது. அதற்குள் ஒரு காந்தம் சுழல்கிறது, சுற்றிவரக் கம்பிச்சுருள் அசையாமல் நிற்கிறது. வெளியே வருவது ஆடலோட்டம். மின்குமிழ் அதை ஏற்றுக்கொள்ளும், றேடியோ ஏற்காது. நேரோட்டமாக்க நான்கு டயோட் வேண்டும், ஆட்டத்தை அடக்க ஒரு கண்டென்சர் வேண்டும். தடை போட்ட ஊரில் டயோட்டுக்கு எங்கே போவது? மாமா கடைக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே கறண்டில் பூட்டி றேடியோ கேட்பதற்காக முன்பு விற்ற அடப்ரர்கள், கறண்ட் போனதோடு குப்பையானவை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மின்மாற்றியும் அதற்குப் பின்னால் நாங்கள் தேடிய அதே நான்கு டயோட்டும் கண்டென்சரும் தயாராக இருந்தன. மின்மாற்றியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை டைனமோவோடு கோத்தோம். அடப்ரர் தீர்ந்தபின் பழுதான தொலைக்காட்சிப் பெட்டிகளின் தட்டுகளில் கை வைத்தோம். ஓடாத தொலைக்காட்சிக்கு அந்த ஆண்டுகளில் நல்ல விலை இருந்தது.

“டேய், உதை அப்பிடியே குடுத்திட்டு விடாதை, முன் லைற்றைக் கழட்டாமல் விடச் சொல்லு” என்பார் மாமா, ஒவ்வொருவருக்கும். காரணம் இருந்தது. சின்ன றேடியோ தின்னும் மின்சாரம் மிகக் கொஞ்சம். சுமை குறைந்த டைனமோவை ஒருவன் உற்சாகத்தில் வேகமாக உழக்கினால் வோல்ற் 6-இல் நிற்காது, 20-ஐத் தாண்டிப் பாயும். முன் விளக்கும் சேர்ந்து எரிந்தால் மிச்சத்தை அது குடித்துவிடும், படிக்கிற பிள்ளைக்கு வெளிச்சமும் கிடைக்கும். பேச்சைக் கேளாமல் விளக்கைக் கழற்றிய வீட்டு றேடியோக்கள் அடுத்த நாள் எங்கள் மேசைக்கு வந்தன. அந்த வருமானத்தில் ஓரளவு நாங்கள் சாப்பிட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சைக்கிளை நிறுத்தும் முறையிலும் கட்சிகள் இருந்தன. கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றுவது ஒரு முறை. பெரிய ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திவிட்டு, சீற்றில் ஏறியிருந்து உழக்குவது இன்னொன்று. டைனமோ முன் கவைக்கம்பியில் இருந்தால் இரண்டு முறையும் சரிவராது. அதைக் கழற்றிப் பின் சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். சைக்கிள் கடைக்காரர்களுக்கு அது ஒரு புது வேலையாகக் கிடைத்தது. டைனமோவிலிருந்து கம்பி ஒன்றுதான் வரும், மற்ற முனை சைக்கிளின் உடம்பே. பூட்டும் இடத்தில் பெயின்ரை நன்றாகச் சுரண்டாவிட்டால் றேடியோ விக்கும். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் இரண்டரைக்கு மேல் சுற்றும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு டைனமோவின் சின்னத் தலை 30 தடவை சுற்றும். ஆகவே ஒரு முழு மிதிக்கு அங்கே 80 சுற்று. கிழவிகூட ஒரு கையால் சுற்றிச் செய்தி கேட்க முடிந்ததற்கு அந்தப் பெருக்கம்தான் காரணம்.

சத்தம் ஒரு தொல்லை. டைனமோ இரைகிற இரைச்சலில் சிற்றலை வானொலியின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். சைக்கிளை விறாந்தையில் நிறுத்திவிட்டு நீளமான கம்பியால் றேடியோவை உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். அதோடு உழக்குகிறவனுக்குச் செய்தி கேட்காமல் போயிற்று. “எப்பன் விரைவா உழக்கடா மோனை, ஆனந்தி சொல்லுறது கேக்கேல்லை” என்று உள்ளேயிருந்து குரல் வரும். லண்டனிலிருந்து ஆனந்தி சூரியப்பிரகாசம் வாசித்ததை, அவரைப் பேசவைத்துக்கொண்டிருந்த பெடியன் கடைசியில் ஒருவரிடம் போய், “என்னவாம்?” என்று கேட்டுத் தெரிந்துகொள்வான்.

பிபிசி தமிழோசை இரவு 9.15-க்கு. ஊரே அதற்காகத்தான் உழக்கியது. மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலிக்கும் நேயர்கள் இருந்தார்கள். ‘புலிகளின் குரல்’ வானொலிக்கு வேறு காரணங்களால் இருந்தார்கள். கொழும்பு வானொலியின் செய்தியை நம்பாத வீடுகூட அதன் மரண அறிவித்தலுக்கு ஒருவனைச் சைக்கிளில் ஏற்றிவிடும். பாதை அடைபட்டு, தந்தியும் தொலைபேசியும் செத்துப்போன குடாநாட்டில், கொழும்பிலும் வெளிநாட்டிலும் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள அது ஒரு வழி. உதயன் பத்திரிகையும் வந்துகொண்டுதான் இருந்தது. தாள் தட்டுப்பாட்டில் பள்ளிக் கொப்பியின் கோடு போட்ட தாளில்கூட அச்சாகி வந்தது. என்றாலும் பத்திரிகை காலையில்தான் வரும். கொழும்பில் 1993 மே முதலாந் திகதி ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்ட செய்தியையும், 1995 ஜனவரி 8-இல் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்த செய்தியையும் அந்தந்த இரவே ஒழுங்கைகளுக்குக் கொண்டுவந்தவை டைனமோக்கள்.

முன்பு வானொலி காலையில் போட்டால் இரவு வரை தன்பாட்டில் பாடிக்கொண்டிருக்கும். யாரும் கேட்பதில்லை. டைனமோ வந்த பிறகு, ஒரு நிகழ்ச்சிக்கு உழக்க ஆள் கிடைத்தால்தான் அது வீட்டில் இருந்தது. விளம்பரத்துக்கு ஆள் கிடையாது. நாடகத்துக்குப் பெண்கள் தாங்களே முறை வைத்துச் சுற்றினார்கள். பாட்டு கேட்க விரும்பிய அண்ணன்மார் தாங்களே உழக்க வேண்டியிருந்தது. கசெற்றில் போட்டால் கால் களைக்கும்போது பாட்டும் இழுபடும், ஜேசுதாஸின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். 1992 மார்ச்சில் மெல்பேர்னில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். சிற்றலையில் ஆங்கில வர்ணனை. ஒரு நாள் முழுவதும் உழக்குவதற்கு எங்கள் ஒழுங்கைப் பெடியள் ஓவர்களைப் பங்குபோட்டார்கள். இம்ரான் கான் கிண்ணம் தூக்கிய நேரத்தில் சைக்கிளில் இருந்தவன் இங்கிலாந்துக் கட்சி. அவன் பாதியில் இறங்கிவிடாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டால் உழக்குவது நிற்கும். விளக்கும் அணைந்து றேடியோவும் அடங்கும். விமானம் எந்தப் பக்கம் போகிறது என்று வானத்துக்குக் காது கொடுக்கிற நேரம் அது. பதுங்குகுழிக்குள் சைக்கிள் கொண்டுபோக முடியாது.

இதையெல்லாம் இப்போது எழுதுகிறவர்கள் ‘யாழ்ப்பாணத்தானின் மூளை’ என்று புளகாங்கிதப்படுகிறார்கள். எனக்கு அதில் அலுப்பு உண்டு. டைனமோவின் தலை ரயரின் பக்கத்தைத் தின்னும், ரயரும் கிடைக்காத காலம். தேய்ந்த இடத்தில் உள்ளே பழைய ரயர்த் துண்டை வைத்துத் தைத்தோம். தலைக்குப் பழைய ரியூப்பை வெட்டி வளையமாக மாட்டினோம். ரயர் தப்பியது, டைனமோவின் வேகம் குறைந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள்ளால் திரியை விட்டு விளக்கு எரித்தோம். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்களும் உண்டு, கண் கெட்டவர்களும் உண்டு. மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவைத்தோம். அந்தப் புகையை ஒருவரும் இப்போது நினைத்துப் பெருமைப்படுவதில்லை. தடை இல்லாத ஊரில் இதில் ஒன்றையும் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

இந்த வேலையைச் செய்ய யாழ்ப்பாணத்தானாகப் பிறந்திருக்கவும் தேவையில்லை. 1944 ஒக்டோபரில் நிலக்கரி இல்லாமல் அம்ஸ்ரடாமில் மின்சாரம் நின்றது. அந்தப் பட்டினிக் குளிர்காலத்தில் ஒல்லாந்துக் குடும்பங்கள் அறைக்குள் சைக்கிளை நிறுத்தி, முறைவைத்து உழக்கி, டைனமோ விளக்கில் இரவைக் கழித்தன. ஜேர்மன் படை அவர்களின் வானொலிகளை 1943-இலேயே பறித்திருந்தது. ஒளித்து வைத்தவர்கள் லண்டன் பிபிசியைக் கள்ளமாகக் கேட்டார்கள். அவுஸ்திரேலியாவின் உள்நாட்டில் அல்பிரட் திரேகர் 1929-இலேயே மாட்டுப் பண்ணைகளுக்குப் பெடல் வானொலி செய்து கொடுத்தார், பறக்கும் வைத்தியரைக் கூப்பிடுவதற்காக. அதில் உழக்குகிறவருக்கே செய்தி அனுப்பவும் கேட்கவும் முடிந்தது. எங்கள் விறாந்தைப் பெடியனைவிட அவர் பாடு மேல். நாங்கள் உழக்கிக்கொண்டிருந்த அதே 1991-இல் லண்டனில் திரெவர் பெய்லிஸ் என்பவர் சாவி முறுக்கி ஓடும் வானொலியை யோசித்தார். பின்னர் அது தென்னாபிரிக்காவில் தொழிற்சாலை வைத்துச் செய்யப்பட்டு, பரிசுகளும் வாங்கியது. உரிமை பதிவுசெய்வதற்கு எங்களிடம் கந்தோரும் இருக்கவில்லை, தபாலும் இருக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30-ஆம் திகதி, இராணுவம் நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. மழை. செம்மணி வீதியிலும் நாவற்குழிப் பாலத்திலும் இலட்சக்கணக்கான சனம் அடி அடியாக நகர்ந்தது. சைக்கிளை ஒருவரும் ஓடவில்லை, எல்லாரும் உருட்டினார்கள்; கரியரில் அரிசி, ஹாண்டிலில் துணிப்பை, பாரில் கிழவன். மாமா சாவகச்சேரிக்குக் கொண்டுவந்தது ஒரு சூட்டுக்கோல், ஒரு பை டயோட், பின் சக்கரத்தில் பூட்டிய டைனமோ. தென்மராட்சியில் நாங்கள் ஒதுங்கிய வளவில் அன்றிரவு பல குடும்பங்கள் இருந்தன. செய்தி கேட்கலாம் என்று சைக்கிளை நிறுத்தியபோது, உழக்க வந்தவர்களின் வரிசை நீளமாக இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தோம். இராணுவத்தின் கட்டுப்பாட்டில் ஜெனரேற்றர் கறண்ட் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, பற்றரியும் கடைக்கு வந்தது. டைனமோக்கள் மறுபடி முன் சக்கரத்துக்குப் போயின. பலர் கழற்றியே விட்டார்கள், அது ஓடும்போது சைக்கிள் இழுக்குது என்று.

பிறகு கைத்தொலைபேசி. 2002-இல் ஏ9 வீதி திறந்தபின்தான் எங்கள் பக்கத்தில் அது பரவியது. டைனமோவுக்கும் போனுக்கும் முடிச்சுப் போட்டவர்களில் கென்யாக்காரரும் உண்டு. 2009-இல் நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்கள் பஸ்கால் கட்டானா, ஜெரமையா முரிமி இருவரும் பழைய பொருட்களிலிருந்து ஒரு சைக்கிள் சார்ஜர் செய்து 350 சில்லிங்குக்கு விற்றார்கள். அடுத்த ஆண்டு நொக்கியா அதே நைரோபியில் தன் சைக்கிள் சார்ஜரை அறிமுகம் செய்தது. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் 10 நிமிடம் உழக்கினால் 28 நிமிடம் பேசலாம் என்றார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ரயரில் உரசும் அதே போத்தல் டைனமோ, அதே 6 வோல்ற், அதே 3 வாற்று. யூஎஸ்பி துளை கேட்பது 5 வோல்ற், அரை அம்பியர், ஆக 2.5 வாற்று. 1923-இல் ஒரு குமிழுக்கென்று விற்பனைக்கு வந்த சாமானுக்கும் இந்த நூற்றாண்டின் போனுக்கும் இவ்வளவு பொருத்தம் வாய்க்கும் என்று யார் கண்டது?

2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்டை வெட்டினார்கள். பெற்றோல் வரிசை மைல் கணக்கில் நின்றது, சைக்கிள் விலை தலைக்கு மேலே ஏறியது. தங்கையின் மகன் என் கடைக்கு வந்து, “மாமா, அந்தக் கால டைனமோ ஒண்டு தாங்கோ, போன் சார்ஜ் பண்ண” என்றான். இப்போதைய சைக்கிளில் பற்றரியில் எரியும் எல்ஈடி விளக்குத்தான். போத்தல் டைனமோ கடைகளில் இருக்கவில்லை. பழைய சாமான் பெட்டியில் ஒரு சன்யோ கிடந்தது. நான்கு டயோட், கண்டென்சர், 5 வோல்ற்றுக்கு இறக்கும் ஒரு சின்னத் தட்டு. பூட்டிக் கொடுத்தேன்.

வேலை செய்தது, ஆனால் போன் நிறையவில்லை. முச்சந்தியில் வேகம் குறையும்போதெல்லாம் சார்ஜ் அறுந்து, மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் போன் ‘சார்ஜ் ஏறுகிறது’ என்று திரையை வெளிச்சமாக்கிச் சொல்லும். அந்த வெளிச்சத்துக்கே ஏறியதில் பாதி போய்விடும். றேடியோவுக்கு இந்தக் குணம் இல்லை. ஓட்டம் குறைந்தால் குரல் தாழும், கூடினால் எழும்பும், அவ்வளவுதான். நடுவில் ஒரு பவர் பாங்கைப் போட்டேன். டைனமோ அதை நிரப்பட்டும், அது ஆறுதலாகப் போனை நிரப்பட்டும் என்று.

முழுக்க ஏற எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கேட்டான். பில் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அவனுடைய பற்றரி 4000 மில்லி அம்பியர்-மணி, ஏறத்தாழ 15 வாற்று-மணி. டயோட்டும் பவர் பாங்கும் எடுத்தது போகப் போனுக்குச் சேர்வது 1.7 வாற்று அளவில். ஏறத்தாழ 9 மணித்தியாலம். மணிக்கு 15 கிலோமீற்றர் என்றால் 130 கிலோமீற்றருக்கு மேல். ஏ9-இல் வவுனியாவுக்குக் கிட்டப் போய்விடுவான்.

“அப்ப கிளிநொச்சி மட்டும் போனா பாதி ஏறுமோ?”

“ஏறும். எதிர்க்காத்து இல்லாட்டி.”

அவன் கிளிநொச்சிக்குப் போகவில்லை. ரியூசனுக்குப் போய்வர 10 கிலோமீற்றர், அதில் 7 வீதம் ஏறியது. கறண்ட் எத்தனை மணிக்கு வரும் என்று வட்ஸ்அப்பில் பார்க்க அது காணும் என்றான்.